மூன்றே முக்கால் சுற்று

1500 மீட்டரை 4:15-க்கு ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 68 நொடி. கணக்கு அழகாக வந்து உட்காரும். அந்த நேரத்துக்குத் தயாராக இருக்கிற பதினேழு வயதுப் பெண் ஒருத்தி உண்மையில் எப்படி ஓடுவாள்? முதல் 400-க்கு 65, அடுத்த 400-க்கு 68, மூன்றாவதற்கு 72, கடைசி 300-க்கு 52. கூட்டிப் பார்த்தால் 4:17. கடைசியில் வேகம் போதவில்லை என்று கோச் திட்டுவார், அடுத்த வாரம் முழுக்க 150 மீட்டர் ஸ்பிரின்ட் ஓட விடுவார். ஆனால் கடைசி 300-இல் அவள் இழந்தது ஒரே ஒரு நொடி. மூன்றாம் சுற்றில் ஒழுகியது நான்கு நொடி.

மூன்றாம் சுற்று யார் கண்ணிலும் படாது. 1500-இல் கடைசிச் சுற்றுக்கான மணி அடிப்பது 1100 மீட்டரில். 800-க்கும் 1100-க்கும் இடையில் மணியும் இல்லை, கூச்சலும் இல்லை, முடிவுக் கோடும் பக்கத்தில் இல்லை. பந்தயம் தோற்பது பெரும்பாலும் அந்த 300 மீட்டரில்தான். அதற்கான விதை விழுவதோ முதல் 100 மீட்டரில். துப்பாக்கி வெடித்ததும் தசையில் தயாராக இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற எரிபொருள் முதல் பத்து நொடிக்குச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் 65 நொடி வேகம்கூட நடை மாதிரி இலகுவாகத் தெரியும். அது தீர்ந்ததும், ஆக்சிஜனால் ஈடுகட்ட முடியாத மிச்சச் செலவு தசையில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜனைக் காற்றில்லாமல் எரிப்பதன் தலையில் விழுகிறது. அந்தக் கடனின் வட்டியைக் கால்கள் மூன்றாம் சுற்றில் கட்டுகின்றன.

இதற்கென்று ஒரு பயிற்சி உண்டு. 1200 மீட்டரை ஒரே ஓட்டமாக ஓட வேண்டும்: முதல் சுற்று 70, இரண்டாவது 69, மூன்றாவது 67. பிறகு 8 நிமிடம் ஓய்வு, அதன்பின் நான்கு முறை 200 மீட்டர், ஒவ்வொன்றும் 32 நொடி. பந்தயக் காலத்தில் பத்து நாளுக்கு ஒரு தடவை செய்தால் போதும். முதல் சுற்றை 70-இல் ஓடுவது பலருக்கு 65-இல் ஓடுவதைவிடக் கஷ்டம். கால் அல்ல, பொறுமைதான் முதலில் தளரும்.

800 மீட்டர் வேறு சாதி. இரண்டே சுற்று. அங்கே முதல் சுற்று கொஞ்சம் வேகமாக இருப்பது தவறில்லை, தேவையும்கூட. 2:00 ஓடும் பெண் 59, 61 என்று ஓடினால் அது நல்ல ஓட்டம். 57, 63 என்று ஓடினால் கடைசி 80 மீட்டரில் தோள்கள் காதுவரை ஏறிவிடும். பெண்களின் 800-இல் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆக்சிஜன் வழியாக வருகிறது, 1500-இல் அது 85-ஐத் தொடுகிறது. 800-ஐ நீட்டிய 400 என்று நினைத்துப் பயிற்சி தருபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அவர்களிடம் பயிலும் பெண்கள் மார்ச்சில் நன்றாக ஓடுவார்கள், ஆகஸ்டில் காணாமல் போய்விடுவார்கள்.

வளைவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். இரண்டாம் லேனில் ஒரு வளைவு முழுக்க ஓடினால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் கூடுதல் தூரம். 100 மீட்டரை 15 நொடியில் ஓடும் வேகத்தில் அது அரை நொடி. 800-இல் முதல் வளைவு மட்டும் அவரவர் லேனில், அதன்பின் எல்லோரும் உள்ளே வரலாம். மிச்சம் மூன்று வளைவையும் வெளியிலேயே ஓடினால் ஒன்றரை நொடி காற்றோடு போச்சு. அதற்குப் பயந்து உள்கரையை ஒட்டி ஓடினாலோ, முன்னால் ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தி என்று பெட்டிக்குள் அடைபட வேண்டிவரும். பழகியவர்கள் நிற்கும் இடம் முன்னே ஓடுபவரின் வலது தோளுக்குப் பின்னால், முதல் லேனின் வெளிக்கோட்டை ஒட்டி. வளைவுக்கு ஒன்றிரண்டு மீட்டர் போனாலும் வழி திறந்தே இருக்கும். முந்துவதென்றால் நேர்த்தடத்தில். வளைவின் நடுவில் முந்துபவள் இரண்டு தடவை விலை கொடுக்கிறாள்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் 800 இறுதியைத் தேடிப் பாருங்கள். முன்னால் இருந்தவர்கள் முதல் சுற்றைக் கண்மண் தெரியாமல் ஓடினார்கள். பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸ் பின்னாலேயே இருந்தார், அவருடைய வேகம் மட்டும் மாறவே இல்லை. கடைசி நேர்த்தடத்தில் அவர் பாய்ந்து முந்துவதுபோல் தெரியும். உண்மையில் மற்றவர்கள்தான் தளர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். ஹோம்ஸ் 1:56.38, பென்ஹாசியும் செப்லாக்கும் ஒரே 1:56.43, முட்டோலா 1:56.51. முதலாமவருக்கும் நான்காமவருக்கும் இடையில் 0.13 நொடி. உள்கரையில் ஓர் அடி தள்ளி ஓடியிருந்தாலே வரிசை மாறியிருக்கும். ஐந்து நாள் கழித்து 1500-ஐயும் 3:57.90-க்கு ஓடித் தங்கம் வாங்கினார். ஒன்பது நாளில் ஆறு பந்தயம். அப்போது அவருக்கு வயது 34, அதற்கு முந்தைய ஆண்டுகளில் பாதியைக் காயங்கள் தின்றிருந்தன.

அந்த 34 என்ற எண்ணைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். பெண்களின் நடுத்தூர ஓட்டத்தில் ஒரு வாழ்க்கை எப்படி நீள்கிறது என்பதற்கு இன்று சிறந்த எடுத்துக்காட்டு கென்யாவின் ஃபெய்த் கிப்யெகான். 2010-இல் உலக கிராஸ் கன்ட்ரி ஜூனியர் பந்தயத்தில் வெறுங்காலோடு ஓடி நான்காவது வந்தபோது அவருக்கு 16 வயது. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் தங்கம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முதல் சுற்றோடு வெளியே. 2013 மாஸ்கோ உலகப் போட்டியில் ஐந்தாவது, 2015 பெய்ஜிங்கில் வெள்ளி, 2016 ரியோவில்தான் முதல் ஒலிம்பிக் தங்கம். 1500-இல் முதல் உலக சாதனை வந்தது 2023 ஜூனில், 29 வயதில், ஃபுளோரன்ஸில்: 3:49.11. ஒரு வாரத்தில் 5000 மீட்டர் 14:05.20, ஜூலையில் மைல் 4:07.64. 2025 ஜூலையில் 1500-ஐ 3:48.68-க்கு இறக்கினார். சுற்றுக்கு 61 நொடி. பதினாறிலிருந்து முப்பத்தொன்றுவரை ஒரே தூரத்தை நெய்துகொண்டே இருந்திருக்கிறார்.

இந்த நீளம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? பதினாறில் பள்ளிப் பந்தயங்களை அள்ளிய பெண்களில் பெரும்பாலோர் இருபதில் ஓடுவதில்லை. ஓட்ட வாழ்க்கைக்கும் ஒரு மூன்றாம் சுற்று உண்டு. பெண்களுக்கு அது சீக்கிரமே, 15-க்கும் 19-க்கும் இடையில் வந்துவிடுகிறது. இடுப்பு விரிகிறது, எடை கூடுகிறது, உடல் தன் புது அளவுகளைப் பழகிக்கொள்கிறது. அதே வயதில் பையன்களின் நேரம் தானாக இறங்கிக்கொண்டே போகும். பெண்ணின் நேரம் ஓராண்டு, ஈராண்டு அப்படியே நிற்கும், சில சமயம் இரண்டு மூன்று நொடி பின்னுக்கும் போகும். இதில் நோய் எதுவும் இல்லை. நேரம் நின்றதைப் பார்த்துப் பெரியவர்கள் செய்வதுதான் நோயாகிறது. 'வெயிட் போட்டுட்டே, கொறைச்சாத்தான் ஓட முடியும்' என்று ஒரு வார்த்தை. அதோடு தூரத்தையும் கூட்டுவார்கள்.

அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 52 கிலோ எடையுள்ள பெண், கொழுப்பைக் கழித்தால் 43 கிலோ. பயிற்சிக்கான செலவு போக, உடலை நடத்த அந்த 43-இல் ஒவ்வொரு கிலோவுக்கும் 45 கலோரி மிஞ்ச வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் வைக்கும் அளவு. ஆக 1935. அன்று 10 கி.மீ. ஓடினால் அதற்கு ஏறத்தாழ 500. மொத்தம் 2400-க்கு மேல். அவள் 1800 சாப்பிட்டால் என்ன ஆகும்? 500 போக மிஞ்சுவது 1300, கிலோவுக்கு 30. உடல் ஒவ்வொரு கடையாகச் சாத்தத் தொடங்கும் வாசல் அதுதான். தட்டைப் பார்த்தால் பட்டினி மாதிரியே தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணைவிட அதிகமாகத்தான் சாப்பிடுவாள்.

முதலில் சாத்தப்படும் கடை மாதவிடாய். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். பயிற்சி கடுமையாக இருக்கிறது என்பதற்கான பதக்கமாக அதைப் பேசும் பயிற்சிக் கூடங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே பெண்ணை விட்டுவைக்கக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேறாது. எலும்பின் அடர்த்தி சேர்வது இருபதுகளின் நடுப்பகுதி வரைதான், அந்த ஆண்டுகளில் விட்டதைப் பிறகு முழுதாகப் பிடிக்க முடியாது. அடுத்து வருவது முறிவு: முன்னங்காலில் என்றால் ஆறேழு வாரத்தில் ஆறலாம். தொடை எலும்பின் கழுத்திலோ இடுப்பின் திரிகத்திலோ (முதுகெலும்பின் அடியில் உள்ள எலும்பு) வந்தால் பருவமே போய்விடும். ஓடும்போது மட்டும் வலித்தால் தசையாக இருக்கலாம். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்து, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், மறுநாள் ஷூவை மாட்டக் கூடாது. இந்த மொத்தச் சீர்குலைவுக்கும் 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ரெட்-எஸ் (விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு) என்று பெயர் வைத்தது. அதற்கு முன்பும் இதே பெண்கள்தான் முறிந்துகொண்டிருந்தார்கள்.

இரும்புச்சத்து இன்னொரு கண்ணி. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவார்கள். ஹீமோகுளோபின் கைப்பணம், ஃபெர்ரிட்டின் வங்கிச் சேமிப்பு. கைப்பணம் குறைவதற்கு வெகுமுன்பே சேமிப்பு கரைந்துவிடும். ஃபெர்ரிட்டின் 30-க்குக் கீழே போனால் மூன்றாம் சுற்று தொடர்ந்து சரியும், காரணமே பிடிபடாது. மாத்திரை மருத்துவர் சொன்ன அளவில்தான். ஆனால் எப்போது போடுவது என்பதில் வித்தை இருக்கிறது. கடும் பயிற்சிக்குப் பின் மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும். காலைப் பயிற்சி முடிந்த அரை மணிக்குள், வைட்டமின் சி உள்ள பழச்சாற்றோடு போட்டுவிட்டால் அந்தக் கதவு மூடுவதற்குள் உள்ளே போய்விடும். டீ, காபி ஒரு மணி நேரம் தள்ளி. நாள்தோறும் போடுவதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது பலருக்கு நன்றாகச் சேர்கிறது, வயிற்றுக்கும் இதம்.

சரி, இந்த வயதைத் தாண்டி 19-க்கு வந்துவிட்ட, 4:15 ஓடும் பெண்ணின் வாரம் எப்படி இருக்கும்? ஏறத்தாழ 55 முதல் 60 கி.மீ. செவ்வாயன்று 400 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றும் 68, நடுவே 90 நொடி மெல்லோட்டம். வியாழனன்று ஆறு நிமிட ஓட்டம் நான்கு, இடையில் ஒரே நிமிடம், கிலோமீட்டருக்கு 3:30-ஐ ஒட்டி. சனிக்கிழமை 70 மீட்டர் ஏற்றம் பத்து முறை, இறங்கி நடந்து வருவதே ஓய்வு. ஞாயிறு 15 கி.மீ., பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். மற்ற நாட்களில் மெல்லோட்டம், வாரத்தில் ஒரு முழு ஓய்வு, இரண்டு தடவை எடைப் பயிற்சி. அந்த எடைப் பயிற்சியில் முழங்காலை மடக்கியபடி குதிகால் உயர்த்துவதை மட்டும் விடவே கூடாது, நடுத்தூரக்காரியின் கெண்டைக்கால் அதில்தான் காப்பாற்றப்படுகிறது.

இந்த வாரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வியாழக்கிழமை. அன்றைக்கு ஓடி முடித்தபின் இன்னொரு ஆறு நிமிடம் ஓட முடியும் என்று தோன்ற வேண்டும். பக்கத்தில் ஓடும் தோழியை முந்தும் ஆசையில் 3:20-க்கு இறங்கிவிட்டால் அது வேறு பயிற்சி ஆகிவிடும். சனிக்கிழமை ஏற்றத்தில் கால் எழும்பாது, ஞாயிறு நீண்ட ஓட்டம் தண்டனையாக மாறும். மூன்று வாரம் இப்படிப் போனால் நேரம் தேங்கும். உடனே தூரத்தைக் கூட்டுவார்கள். நோய்க்கு நோயே மருந்து.

ஷூவைப் பற்றி ஒரு வரி. 2024 நவம்பரிலிருந்து தடத்தில் ஓடும் எல்லாப் பந்தயத்துக்கும் ஸ்பைக்ஸின் (ஆணி பதித்த ஓட்ட ஷூ) அடித்தடிமன் 20 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. பழைய 25 மி.மீ. ஜோடியை மாட்டிக்கொண்டு போய் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தாய்மை இந்த வாழ்க்கையின் அடுத்த இடைவெளி. கிப்யெகானுக்கு 2018 ஜூனில் மகள் பிறந்தாள். ஓராண்டும் சில மாதங்களும் கழித்து தோகா உலகப் போட்டியில் 3:54.22 ஓடி வெள்ளி வாங்கினார், அதுவரை அவர் ஓடியதிலேயே வேகமான நேரம் அது. 2021-இல் டோக்கியோவில் 3:53.11, 1988 சியோலிலிருந்து நின்ற ஒலிம்பிக் சாதனை முறிந்தது. 2024 பாரிஸில் 3:51.29-ஓடு தொடர்ந்து மூன்றாவது தங்கம். 2025 டோக்கியோ உலகப் போட்டியின் 800-ஐ 1:54.62-க்கு வென்ற லிலியன் ஒடிராவும் இரண்டு குழந்தைகளின் தாய். 1983-இலிருந்து யாரும் தொடாத போட்டிச் சாதனையை அவர் அன்று கடந்தார்.

இதைப் பார்த்து ஆறு வாரத்தில் ஓடத் தொடங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் ஓட்டத்துக்குக் குறைந்தது 12 வாரம் காத்திருக்க வேண்டும், அறுவைசிகிச்சை என்றால் இன்னும் நிதானமாக. அதன்பின்னும் நாள்காட்டியைப் பார்க்காமல் உடலைக் கேட்க வேண்டும்: 30 நிமிடம் விரைவாக நடக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் குதிகாலை 20 முறை உயர்த்த முடிகிறதா, ஒற்றைக் காலில் பத்து முறை துள்ளும்போது சிறுநீர் கசியாமலும் அடிவயிறு கனக்காமலும் இருக்கிறதா. கசிந்தால் இடுப்புத் தளத் தசை இன்னும் தேறவில்லை என்று பொருள். அதைச் சகித்துக்கொண்டு ஓடக் கூடாது, பிசியோவிடம் போக வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும். மேலே போட்ட கணக்கில் அதையும் சேர்த்தால், பட்டினி எவ்வளவு எளிதில் வந்துவிடும் என்று புரியும். பணம் தனிக் கதை. கர்ப்பத்தைக் காயம்போலக் கருதி ஸ்பான்சர்கள் ஒப்பந்தத் தொகையைக் குறைத்த வழக்கம் 2019-இல் ஓட்டக்காரிகள் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் மாறத் தொடங்கியது. அவர்களில் ஒருவரான அலிசியா மொன்டானோ 2014-இல் 34 வார கர்ப்பத்தோடு அமெரிக்க தேசியப் போட்டியில் 800 ஓடியவர்.

பெண்கள் இந்தத் தூரத்தை ஓட அனுமதி வாங்கியதே பெரும்பாடு. 1928 ஆம்ஸ்டர்டாமில் லீனா ராட்கே 2:16.8-க்கு 800-ஐ வென்றார். ஓடிய பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்க, ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயமே 1960 வரை இல்லாமல் போனது. 1500 வந்தது 1972-இல். வந்த பின்னும் சந்தேகக் கண் இந்தத் தூரங்களை விட்டு நகரவில்லை. 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800-இல் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். உடலில் இயல்பாகவே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கு வரம்பு வைத்து 2019-இல் அமலுக்கு வந்த விதி 400 முதல் மைல் வரையான ஓட்டங்களை மட்டும் குறிவைத்தது. தென்னாப்பிரிக்க ஒலிம்பிக் சாம்பியன் காஸ்டர் செமன்யாவின் 800 அத்தோடு நின்றது. 2025 செப்டம்பரிலிருந்து உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவுக்கு ஒருமுறை மரபணுச் சோதனை கட்டாயம். விதி சரியா தவறா என்பதில் கருத்துகள் உண்டு. ஒருவரின் உடலை உலகத்தின் முன் விவாதப் பொருளாக்கிய விதத்தை நியாயப்படுத்த எந்தக் கருத்தாலும் முடியாது.

800-இன் உலக சாதனை இன்றும் 1:53.28. செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராடோக்விலோவா 1983 ஜூலையில் மியூனிக்கில் ஓடியது. அவர் எந்த ஊக்கமருந்துச் சோதனையிலும் சிக்கியதில்லை, அந்தக் காலத்தின் மேல் உள்ள சந்தேகமும் விலகவில்லை. இன்றைய ஓட்டக்காரிகள் அந்த எண்ணுக்கு ஒன்றரை நொடிக்கும் குறைவான தொலைவில் வந்து நிற்கிறார்கள்.

ஏதென்ஸில் நான்காவதாக வந்த மொசாம்பிக்கின் மரியா முட்டோலா 1988 சியோலில் தன் முதல் ஒலிம்பிக் 800-ஐ ஓடியபோது 15 வயது. தங்கம் கிடைத்தது நான்காவது ஒலிம்பிக்கில், 2000 சிட்னியில், 1:56.15. ஆறாவது ஒலிம்பிக் 2008 பெய்ஜிங். இறுதியில் அவருக்கு 35 வயது, உடன் ஓடிய கென்யாவின் பமீலா ஜெலிமோவுக்கு 18. ஜெலிமோ முதல் சுற்றிலேயே முன்னால் போய் 1:54.87-இல் தங்கம் வென்றார், அதே மாதம் சூரிச்சில் 1:54.01. முட்டோலா ஐந்தாவதாக வந்து, அந்த ஆண்டோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு பெர்லின் உலகப் போட்டியில் ஜெலிமோ அரையிறுதியைத் தாண்டவில்லை. சூரிச்சில் ஓடிய நேரத்தை அவர் மறுபடி ஒருமுறையும் ஓடவில்லை.